நாலு எம்.பி. இருக்கும் எங்கள் மாவட்டம்

புதுக்கோட்டை எம்.பி. யாருங்க என்று வெளியூர் ஆள் கேட்டால், நாங்கள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்போம். "எந்தப் பக்கத்தைக் கேக்குறீங்க?" என்று. விராலிமலைப் பக்கம் என்றால் கரூர் எம்.பி. அறந்தாங்கிப் பக்கம் என்றால் ராமநாதபுரம் எம்.பி. ஆலங்குடி, திருமயம் என்றால் சிவகங்கை எம்.பி. புதுக்கோட்டை டவுனும் கந்தர்வகோட்டையும் திருச்சி எம்.பி.க்கு. ஒரே மாவட்டம், நாலு எம்.பி. ஆனால் புதுக்கோட்டை எம்.பி. என்று ஒருவர் கிடையாது.

இப்போது எங்கு பார்த்தாலும் தொகுதி மறுவரையறை பேச்சுதான். டீக்கடையில், உரக்கடையில், பூ மார்க்கெட்டில்கூட. தமிழ்நாட்டுக்கு இருக்கும் 39 குறையுமா, உத்தரப்பிரதேசத்துக்கு எவ்வளவு கூடும் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கைவிடப் போன தடவை நடந்ததுதான் மனதில் நிற்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் புதுக்கோட்டை என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்ததே தெரியாது.

புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் ராஜாக்கள் ஆண்டது. அம்மன் காசு என்று சொந்தமாகக் காசு அடித்த ஊர். 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்தது, திருச்சி ஜில்லாவில் வைத்தார்கள். தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14, பொங்கல் அன்று. அந்த இருபத்தாறு வருசமும் ஜில்லா ஆபீஸ் வேலைக்கெல்லாம் திருச்சிக்கு அலைந்தோம் என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சொல்வார்கள். ஆனால் மாவட்டம் கிடைப்பதற்கு முன்னாலேயே எம்.பி. கிடைத்துவிட்டார். முதல் பொதுத்தேர்தலிலேயே புதுக்கோட்டை தொகுதி உண்டு. அப்போது ஜெயித்தவர் முத்துசாமி வல்லத்தரசு. 1962லும் 1967லும் கம்யூனிஸ்ட் தலைவர் ஆர். உமாநாத். இப்படி 2004 தேர்தல் வரைக்கும் இந்தத் தொகுதி இருந்தது. 2009 தேர்தல் வந்தபோது காணவில்லை.

எப்படிக் காணாமல் போனது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதிகளைத் திருத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். அதன்படி 1952, 1962, 1972 ஆகிய வருசங்களில் சட்டம் போட்டுத் திருத்தினார்கள். இதில் 1962 சட்டத்தில்தான் நமக்கு அடி. 41 ஆக இருந்த நம் எம்.பி. எண்ணிக்கை 1967 தேர்தலில் 39 ஆனது. ரெண்டுதானே என்று நினைக்கக் கூடாது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசாங்கம் ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. இந்த ரெண்டு சீட்டு போனதைப் பற்றி 2021ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேள்வி கேட்டது.

1976ல் நாற்பத்திரண்டாவது திருத்தம் வந்தது. சிவப்பு முக்கோணம் போட்டு, குடும்பக் கட்டுப்பாடு செய்யுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்ன காலம் அது. சொன்னதைக் கேட்ட மாநிலத்துக்கு எம்.பி. குறையக் கூடாது என்று, 1971 கணக்கிலேயே எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்கள். 2001ல் அதையே 2026 வரைக்கும் நீட்டினார்கள். மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பதைத் தொடாமல், மாநிலத்துக்குள்ளே கோட்டை மட்டும் மாற்றிப் போடலாம் என்று முடிவானது. அதற்கு நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம். 2001 மக்கள்தொகைதான் கணக்கு. 2008 பிப்ரவரியில் ஆணை வந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ. தொகுதி, 39 எம்.பி. தொகுதி. வகுத்தால் ஆறு. ஆறு எம்.எல்.ஏ. தொகுதி சேர்ந்தால் ஒரு எம்.பி. தொகுதி. 2008ல் எங்கள் மாவட்டத்துக்கு எத்தனை எம்.எல்.ஏ. தொகுதி வந்தது தெரியுமா? சரியாக ஆறு! அதற்கு முன்னால் ஐந்துதான் இருந்தது. குளத்தூரை எடுத்துவிட்டு விராலிமலை, கந்தர்வகோட்டை என்று ரெண்டு கொடுத்தார்கள். ஆக எம்.எல்.ஏ. ஒன்று கூடியது, எம்.பி. போய்விட்டார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆறு, அது அப்படியே ஒரு எம்.பி. தொகுதி. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறு, அதுவும் அப்படியே. கிருஷ்ணகிரியும் அப்படியே. எங்கள் ஆறு மட்டும் நாலாகப் பிரிந்தது.

மக்கள்தொகை பற்றவில்லையோ என்று கேட்கலாம். நான் போட்டுப் பார்த்தேன். 2001ல் தமிழ்நாடு 6 கோடியே 24 லட்சம். 39ஆல் வகுத்தால் தொகுதிக்கு 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டம் 14 லட்சத்து 60 ஆயிரம். குறைவுதான், ஆனால் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவில்லை.

பிறகு ஏன் பிரித்தார்கள்? மேப்பை எடுத்து வைத்துப் பார்த்தால் விசயம் புரிகிறது. சிவகங்கை மாவட்டத்தில் நாலு எம்.எல்.ஏ. தொகுதிதான். எம்.பி. தொகுதி ஆக ரெண்டு வேண்டும். திருமயம், ஆலங்குடி ரெண்டும் எங்களிடமிருந்து போனது. ராமநாதபுரத்திலும் நாலுதான். அறந்தாங்கியை எங்களிடமும் திருச்சுழியை விருதுநகர் மாவட்டத்திலும் எடுத்தார்கள். கரூரிலும் நாலு. அங்கேதான் வேடிக்கை. கரூர் மாவட்டத்துக் குளித்தலையைப் பெரம்பலூர் எம்.பி. தொகுதிக்குக் கொடுத்துவிட்டு, வேடசந்தூர், மணப்பாறை, விராலிமலை என்று மூன்று மாவட்டத்தில் இருந்து ஆளுக்கு ஒன்று எடுத்து ஆறு ஆக்கினார்கள். மிச்சம் இருந்த புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. பக்கத்து வீட்டுக் கூரை எல்லாம் ஒழுகுகிறது என்று நடுவில் இருந்த வீட்டுக் கீற்றைப் பிரித்துக் கொடுத்த மாதிரி.

முழுக்க அநியாயம் என்றும் சொல்ல மாட்டேன். திருமயத்துக்காரருக்குக் காரைக்குடி கைக்கெட்டும் தூரம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தப் பக்கமும் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கும் ராமேஸ்வரம் மீனவர்களுக்கும் கடலில் ஒரே பிரச்சினை. ஒரே எம்.பி. பேசினால் நல்லதுதான். ஆனால் விராலிமலையைப் பாருங்கள். திருச்சி மதுரை ரோட்டில் இருக்கும் ஊர். பஸ் ஏறினால் திருச்சி பக்கம். அதைக் கரூருக்குக் கொடுத்தார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கும் கந்தர்வகோட்டையைத் திருச்சிக்குக் கொடுத்தார்கள். அந்த வழியில் ஒரு தடவை டவுன் பஸ்ஸில் போய் வந்தவர் யாரும் இப்படிக் கோடு போட மாட்டார்.

அரசாங்கத்துக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆறை ஆறாக அடுக்கியதில் ஒரு பிசகும் இல்லை. எங்கள் மாவட்டத்துக்குக் காரணம் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. ஏன் கன்னியாகுமரிக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயம் என்று ஒரு பக்கம் எழுதி எங்கள் பஞ்சாயத்து போர்டில் ஒட்டியிருந்தால், பிடிக்கிறதோ இல்லையோ, படித்துவிட்டுப் போயிருப்போம்.

நில அளவையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எண்பதுகளில் யு.டி.ஆர். வந்தபோது எத்தனை பேர் நிலம் எத்தனை பேர் பெயருக்கு மாறியது என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அப்பா பெயரில் இருந்த நாற்பது சென்ட் பக்கத்துக்காரர் பட்டாவில் ஏறிவிட்டது. ஆபீஸ் ஆபீஸாக நடந்து, பத்திரத்தைக் காட்டி, பல வருசம் கழித்துத் திரும்ப வாங்கினோம். அலைச்சல்தான். ஆனாலும் மனுக் கொடுக்க ஒரு இடம் இருந்தது, மேலே ஒரு அதிகாரி இருந்தார், அதற்கும் மேலே கோர்ட் இருந்தது. தொகுதிக் கோட்டுக்கு அது இல்லை. ஆணையம் போட்ட ஆணையை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உஜ்ஜைன் தொகுதிக்காக மேக்ராஜ் கோத்தாரி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். முடியாது என்று 1966ல் தீர்ப்பு. 2024ல்தான், ரொம்பத் தான்தோன்றித்தனமாக இருந்தால் கோர்ட் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது.

சரி, கோர்ட் இல்லை என்றால் வேறு யார்? ஆணையத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. இணை உறுப்பினர்கள். ஓட்டுப் போடும் உரிமை இல்லை, பேசும் உரிமை உண்டு. டெல்லியைத் திட்டும்போது இதையும் நினைக்க வேண்டும். 39 என்கிற எண் டெல்லியில் இருந்து வந்தது. எங்கள் மாவட்டத்தை நாலாக வெட்டிய கோடு போட்டபோது நம் ஆட்களும் அந்த மேசையில் இருந்தார்கள்.

தொகுதி போனதும் ஊரில் கோபம் இருந்தது. 2009 தேர்தலில் எங்கள் மாவட்டத்தில் 49-ஓ போட்டார்கள். நோட்டா பட்டன் 2013ல்தான் வந்தது. அப்போது 49-ஓ என்றால் எல்லார் முன்னாலும் அதிகாரியிடம் சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் பார்த்துக்கொண்டு இருப்பான். அதையும் செய்தார்கள். ஒன்றும் மாறவில்லை. பிறகு பழகிவிட்டது.

பழகிவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். தொகுதி மேம்பாட்டு நிதி வருசத்துக்கு 5 கோடி, அது நாலு எம்.பி.யிடமிருந்தும் பங்கு பங்காக வரத்தானே செய்கிறது என்பார்கள். வருகிறது. ஆனால் மாவட்டத்துக்கு மொத்தமாக ஒரு காரியம் என்றால்? தஞ்சாவூர் புதுக்கோட்டை ரயில் பாதை எவ்வளவு காலத்துக் கோரிக்கை. அதை என் ஊர்க் காரியம் என்று எந்த எம்.பி. தூக்கிக்கொண்டு போவார்? கரூர்க்காரர் கரூரைப் பார்ப்பார், ராமநாதபுரத்துக்காரர் ராமநாதபுரத்தைப் பார்ப்பார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆறில் மூன்று, நாலு பங்கு ஓட்டு அங்கே இருக்கிறது.

2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. அது முழுக்க டெல்லி விசயம். பெட்ரோலியம் மத்திய அரசு. நாடாளுமன்றத்தில் எழுந்து பேச வேண்டியது எம்.பி. எங்கள் ஆட்கள் மாவட்ட ஆட்சியரைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குப் போனார்கள், எம்.பி. தொகுதியோ சிவகங்கை. அடுத்த வருசம் நவம்பர் 16, கஜா. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தது. அந்த வாரம் எங்கள் தெருவில் ஒருவர் எம்.பி.க்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டார். அங்கே மரியாதையாக உட்கார வைத்து, "ஐயா, உங்களுக்கு நாங்க இல்லை, சிவகங்கை" என்று சொல்லி அனுப்பினார்கள். தேர்தல் முடிந்து நாலரை வருசம் ஆகியும் அவருக்குத் தன் எம்.பி. யார் என்று தெரியவில்லை. ஓட்டுப் போட்ட மனுசன்தான் அவர்.

அதனால்தான் இப்போது டெல்லியில் இருந்து, தென் மாநிலங்களுக்கு ஒரு சீட்டும் குறையாது என்று 2025 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் கோயம்புத்தூரில் வந்து சொன்னபோது எங்கள் பக்கத்தில் யாரும் நிம்மதியாகவில்லை. விகிதாச்சாரப்படி குறையாது என்றார். எந்த விகிதம்? இப்போது இருக்கும் 543க்கு 39 என்கிற விகிதமா, புது மக்கள்தொகை விகிதமா? ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே அடுத்த மாதமே எல்லாக் கட்சிக் கூட்டம் போட்டு, 1971 கணக்கையே இன்னும் முப்பது வருசம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பீகார்க்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2011 கணக்கில் அங்கே ஒரு எம்.பி.க்கு 26 லட்சம் பேர், இங்கே பதினெட்டரை லட்சம். அதையும் பேசித்தான் ஆக வேண்டும். பேசுவதற்குக் கணக்கே இன்னும் கையில் இல்லை. 1881ல் இருந்து பத்து வருசத்துக்கு ஒரு தடவை தவறாமல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2021ல் நின்றது. கொரோனா என்றார்கள். கொரோனா போயும் எடுக்கவில்லை. இப்போது 2027 மார்ச் 1 என்று தேதி போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு முடிந்து ஆணையம் வரும்போது 39 என்ன ஆகுமோ, சட்டசபைத் தொகுதி எத்தனை ஆகுமோ. இன்றைக்குச் சிவகங்கையில் நாலு, ராமநாதபுரத்தில் நாலு, கரூரில் நாலு. நடுவில் நாங்கள் ஆறு. வரைவு வந்ததும் அரசிதழிலும் பேப்பரிலும் போட்டு, ஆட்சேபனை கேட்டு, பொது விசாரணை வைப்பார்கள். அந்தத் தேதி தெரிந்தால் இங்கே போடுகிறேன். ஆலங்குடிப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு வேன் பேசிப் போவோம்.