இரும்பில் தச்சு வேலை

பர்மிங்காமிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஷ்ராப்ஷயர். வயல்கள், ஆட்டு மந்தைகள், சின்னச் சின்னச் சந்தை ஊர்கள். இந்த நாட்டுப்புறத்தில்தான் இரும்பால் பாலமும் கட்டடமும் எழுப்பக் கற்றுக்கொண்டார்கள். போன கோடையில் மூன்று சனிக்கிழமைகள் பன்னிரண்டு வயது மகளோடு அங்கே சுற்றினேன்.

முதல் நாள், செவர்ன் ஆற்றின் மேல் நிற்கும் இரும்புப் பாலம். 1779இல் எழுப்பி, 1781 புத்தாண்டு அன்று திறந்தார்கள். முப்பது மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. 378 டன் வார்ப்பிரும்பு. அடியில் நின்று பார்த்த மகள், "அப்பா, ஸ்கூல்ல மரத்துல நாங்க செய்யற ஜாயின்ட் மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஒரு துண்டின் முனையை இன்னொன்றின் துளையில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். வடிவமைத்த தாமஸ் பிரிட்சர்ட் தச்சுத் தொழில் பழகியவர். இரும்புக்கென்று ஒரு முறை அப்போது இல்லை; தெரிந்த முறையில் தெரியாத பொருளைக் கட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதப் படிவத்தை அப்படியே கணினித் திரைக்கு மாற்றிவிட்டு 'புதிய சிஸ்டம்' என்று நாங்களும்தான் சொல்லியிருக்கிறோம். கட்டி முடித்த ஆபிரகாம் டார்பிக்குக் கடைசிவரை கடன் தீரவில்லை.

1795 பிப்ரவரி வெள்ளம் செவர்ன் பாலங்களைச் சிதைத்தது. இரும்புப் பாலம் மட்டும் அசையவில்லை. மாவட்டப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்டுக்கு அது பாடமானது. அடுத்த ஆண்டே பில்ட்வாஸில் அதைவிட நீளமான வளைவை, பாதிக்கும் குறைவான இரும்பில் கட்டினார். அது இன்று இல்லை. லாங்டனில் அவர் கட்டிய தொட்டிப் பாலம் இருக்கிறது. கட்டிக்கொண்டிருந்த கல் பாலத்தை அதே வெள்ளம் கொண்டுபோனதால், 1797இல் கால்வாய் நீரை இரும்புத் தொட்டியில் ஆற்றைக் கடக்கவைத்தார். எங்கள் இரண்டாம் சனிக்கிழமை அங்கே கழிந்தது. கால்வாய் போய்விட்டது, தண்ணீரில்லாத தொட்டி புல்வெளியில் தனியாக நிற்கிறது.

மூன்றாம் நாள் ஷ்ரூஸ்பரி. ஆளிச் செடியின் நாரை நூலாக்கிய ஐந்து மாடி ஆலை, இதுவும் 1797. எண்ணெய் ஊறிய மரத் தளங்களால் அந்நாளைய ஆலைகள் அடிக்கடி எரிந்தன. சார்லஸ் பேஜ் தூணையும் உத்தரத்தையும் இரும்பாக்கி, தளத்தைச் செங்கல் வளைவுகளில் நிறுத்தினார். இரும்புச் சட்டகத்தில் எழுந்த உலகின் முதல் மாடிக் கட்டடம் இது. இன்றைய வானுயர்ந்த கட்டடங்களின் பாட்டன். பல ஆண்டு பாழடைந்து கிடந்ததைச் செப்பனிட்டு 2022இல் திறந்தார்கள். மெல்லிய தூண்கள் இன்னும் பாரம் தாங்குகின்றன. இங்கே தச்சரின் நினைவு இல்லை. இரும்பு இரும்பாகவே வேலை செய்கிறது. பதினெட்டே ஆண்டுகளில் கற்றது.

ஆனால் அந்த ஆலையில் பிள்ளைகள் வேலை செய்தார்கள். பத்து வயதில் அங்கே சேர்ந்த சாமுவேல் டவுன், காலை ஐந்து முதல் இரவு எட்டு வரை வேலை என்று 1832இல் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சி சொன்னார். அதை மகளிடம் சொன்னேன். தூணைத் தொட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்தாள்.

"கட்டடம் எரியக்கூடாதுன்னு மட்டும் யோசிச்சாங்களா, அப்பா?"

வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.