ஒரு மார்க் கேள்வியில் அடங்காத நிலம்



"பூமிதான இயக்கத்தைத் தொடங்கியவர் யார்?" என்னிடம் படித்தவர்கள் இந்த ஒரு மார்க் கேள்விக்கு "ஆச்சார்ய வினோபா பாவே" என்று எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். நானும் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை நிதானமாகப் படித்தேன். அன்று நடத்தாத பாடத்தை இன்று நடத்துகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு 1951. தெலங்கானாவில் ஒரு சிலரிடம் ஆயிரக்கணக்கான ஏக்கர் குவிந்திருந்தது. உழுதவனுக்குக் காணி நிலமும் இல்லை. 1946-ல் கம்யூனிஸ்ட்டுகள் தலைமையில் மூண்ட ஆயுதப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. அந்த மண்ணில் வினோபா கால்நடையாக ஊர் ஊராகப் போனார். ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளி வந்து சேர்ந்தார். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போச்சம்பள்ளி அல்ல. நல்கொண்டா மாவட்டத்தில் அன்று இருந்த, சேலைக்குப் பெயர்போன ஊர்.

அங்கே தலித் மக்கள் குடியிருப்புக்குப் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். நாற்பது ஏக்கர் நன்செய், நாற்பது ஏக்கர் புன்செய், மொத்தம் 80 ஏக்கர் இருந்தால் உழைத்துப் பிழைத்துக்கொள்வோம் என்றார்கள். அரசாங்கத்துக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு கூடியிருந்த ஊர்க்காரர்களிடமே, இவர்களுக்கு நிலம் தர இங்கே யாரும் இல்லையா என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி எழுந்து நின்று, நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னார். கேட்டது 80, கிடைத்தது 100. பூமிதானம் பிறந்தது இப்படித்தான்.

அதன்பின் ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவர் இந்தியா முழுவதும் நடந்தார். 1956-57-ல் நம் தமிழ்நாட்டிலும் நடந்தார். போன இடமெல்லாம் அவர் வைத்த வாதம் எளிமையானது. உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து, என் பங்கை ஏழைக்குக் கொடுங்கள் என்பார். காற்றும் தண்ணீரும் வெயிலும் போல நிலமும் எல்லோருக்கும் பொது என்பது அவர் கருத்து. தானம் என்றால் பிச்சை போடுவதல்ல, பங்கிடுவது என்று அதற்குப் பொருள் சொன்னார். யோசித்துப் பாருங்கள். பிச்சை கேட்பவன் வாசலில் நிற்பான். பங்கு கேட்பவன் வீட்டுக்குள் வந்து உட்காருவான்.

நாட்டின் சாகுபடி நிலம் 30 கோடி ஏக்கர் என்று வைத்து, ஆறில் ஒரு பங்காக 5 கோடி ஏக்கர் என இலக்கு வைத்தார். சேர்ந்தது 40 லட்சத்துக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி பாறை, தரிசு, அல்லது வழக்கில் கிடந்த நிலம். கூட்டத்தில் கைதட்டலுக்கு நடுவே கொடுத்தவர்களில் சிலர் பிறகு பின்வாங்கினார்கள். சிலருடைய வாரிசுகள் ஒப்புக்கொள்ளவில்லை. நிலம் கிடைத்தவர்களிலும் பலருக்கு மாடு இல்லை, விதை இல்லை, கிணறு இல்லை. இதையும் சொன்னால்தான் வரலாறு. நல்லவர் தொடங்கினார் என்பதற்காகக் கணக்கை மாற்றி எழுதக் கூடாது.

அப்படியானால் தோல்விதானா? நம் கீழத்தஞ்சைக்கு வாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்தப் பகுதிக்குப் போய்த் தங்கியவர்கள் வினோபாவோடு நடந்த ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். தானமாக வரும் என்று காத்திருக்கவில்லை. 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நில உடைமையாளர்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று நிலம் வாங்கினார்கள். அதைத் தலித் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள்.

எனக்குப் புரிந்த பாடம் இதுதான். கொடுக்கும் மனசு மட்டும் போதாது. நல்ல நிலமாகக் கொடுக்க வேண்டும், பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் கூட நிற்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கருக்கு அடுத்த மாதம் பாகப்பிரிவினை. நாங்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு ஏக்கர். ஆனால் முப்பது வருஷமாக அந்த மண்ணை உழுது எங்களுக்கு நெல் அளந்தது வேறொரு குடும்பம். பங்கை நான்காக்கி, ஆளுக்கு 75 சென்ட் என்று எழுதலாமே என்று தம்பியிடமும் தங்கையிடமும் நேரில் கேட்டுவிட்டேன். தங்கை சரி என்றாள். தம்பி, "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றிருக்கிறான். அவனுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்; அவன் யோசிப்பதில் தப்பில்லை. அவன் ஒப்பாவிட்டால் என் பங்கிலிருந்து கொடுப்பேன்.

என் வீட்டுக்காரம்மா ஒன்றுதான் சொன்னாள்: "கொடுக்கிறதுன்னா கிணத்தோரமா கொடுங்க. கோடி மேட்டைக் கொடுத்துட்டுப் பேர் வாங்காதீங்க." வினோபாவின் வரலாற்றை அவள் படித்ததில்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் பத்திரத்தை விரித்து வைத்துப் பங்கு பேசுவீர்கள். அன்றைக்கு அந்த ஆறாவது பிள்ளையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்