என்ன வேலை பாக்குறீங்க?

கடலூர் ஓல்ட் டவுன் தாண்டி சிதம்பரம் ரோட்ல போனா சிப்காட் தொழிற்பேட்டை வரும். ஒரு பக்கம் உப்பனாறு, சுத்தி குடிகாடு, ஈச்சங்காடுன்னு கிராமங்கள். 1980-கள்ல இருந்து மருந்து, சாயம், பூச்சிக்கொல்லின்னு ரசாயன ஆலைகள் ஓடுற இடம். அதே ரோடு போய்ச் சேர்ற சிதம்பரத்துல 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. இப்போ அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. ஆலைக்கும் கல்லூரிக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அப்போ, ஒரு சிப்காட் தொழிலாளி மூச்சு வாங்க வந்து நின்னா, அவரை எப்படிப் பரிசோதிக்கணும்னு ஒரு மாணவர் எங்க பழகுவார்? பதிலுக்கு நாம பொம்மைகளோட வரலாற்றுக்குப் போகணும்.

நோயாளி மேல கை வைக்கறதுக்கு முன்னாடி வேற எதிலாவது பழகணும்ங்கிறது பழைய யோசனை. பூசணி, வெள்ளரியில வெட்டிப் பழகு, துணி பொம்மையில கட்டுப் போட்டுப் பழகுன்னு சுஸ்ருத சம்ஹிதையே சொல்லுது. 1968-ல் மியாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டன் 'ஹார்வி'ன்னு ஒரு பொம்மையைக் கொண்டுவந்தார். ஸ்டெதாஸ்கோப் வெச்சா விதவிதமான இதய நோய்களோட சத்தம் கேட்கும், கழுத்துல நாடி துடிக்கும். நூறு பேர் மாறி மாறித் தொட்டாலும் அதுக்கு வலிக்காது.

ஆனா ஹார்விகிட்ட பேச்சுக் கொடுக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஹோவர்ட் பாரோஸ். 1963-ல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஓவியர்களுக்கு மாடலா இருந்த ஒரு பெண்ணை நரம்பு நோயாளியா நடிக்கப் பழக்கினார். இந்த நடிப்பு நோயாளி கேட்டா மட்டும்தான் சொல்வார். கேட்கலேன்னா வாயைத் திறக்க மாட்டார். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழு இதைப் பரீட்சைக்கு ஏத்த வடிவத்துக்குக் கொண்டுபோனது. மாணவர்கள் மேசை மேசையா நகர்வாங்க; எதைக் கேட்டாங்க, எதைத் தொட்டாங்கன்னு ஒரு பட்டியலை வெச்சு மார்க். நம்ம எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 'ஆஸ்கி'ன்னு சொல்றது இதைத்தான். 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டத்துக்குப் பிறகு இந்திய மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக் கூடமும் கட்டாயமாயிடுச்சு.

இங்கதான் எனக்கு ஒரு கவலை. பட்டியல்ல இருக்கறதைத்தான் மாணவர் படிப்பார். இல்லாததை விட்டுடுவார்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பூச்சிக்கொல்லி ஆலைத் தொழிலாளி ஒருத்தர். நெஞ்சுல விசில் சத்தம். ஆஸ்துமான்னு எழுதிடலாம். ஆனா கண்பாவை குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கு, எச்சில் வழியுது, உடம்பெல்லாம் வேர்வை. இது ஆர்கனோபாஸ்பேட் விஷமா இருக்கலாம். அப்படின்னா ஆஸ்துமா மருந்து போதாது, அட்ரோபின் வேணும். "என்ன வேலை பாக்குறீங்க?"ங்கிற ஒரு கேள்வி ஒரு உயிரைக் காப்பாத்தும். நோயாளிகிட்ட இதையும் கேளுங்கன்னு இத்தாலிய மருத்துவர் ரமஸீனி 1700-லேயே எழுதிட்டார்.

சிப்காட்டுக்கு இன்னொரு கேள்வியும் வேணும்: "வீடு எங்க?" 2004-ல் இந்தக் கிராமத்து மக்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களா மாறினாங்க. என்ன நாத்தம், எத்தனை மணிக்கு, காத்து எந்தப் பக்கம்னு குறிச்சு வெச்சாங்க. பக்கெட் வடிவக் கருவியில காத்தைப் பிடிச்சுப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ஒரு நல்ல மருத்துவர் நோயாளிகிட்ட செய்யறதை அவங்க ஊருக்கே செஞ்சாங்க.

அந்தக் குறிப்புகள்ல பரீட்சைக்குத் தேவையான கதைகள் நிறைய இருக்கு. குடிகாட்டு அக்கா ஒருத்தர் நடிப்பு நோயாளியா உட்காரட்டும். இருமட்டும். வேலையையும் வீட்டையும் கேட்டா மட்டும் மீதியைச் சொல்லட்டும். கேட்காத மாணவருக்கு மார்க் கிடையாது. பொம்மை வாங்கறதை விட இதுக்குச் செலவு ரொம்பக் கம்மி.