கண்ணாடிக் குன்றும் கோல்ஃப் திடலும்



சிங்கப்பூரின் தென்கரையில் புக்கிட் செர்மின் என்றொரு குன்று உண்டு. புக்கிட் என்றால் குன்று, செர்மின் என்றால் கண்ணாடி. மலாய் நமக்குப் புதிதா என்ன! அதை ஒட்டி, 1904-இல் தோன்றிய கெப்பல் கிளப்பின் கோல்ஃப் திடல் இருந்தது. மூடுவதற்கு முன் ஒருமுறை அதன் வேலியோரமாக நடந்து பார்த்தேன். ஏறி இறங்கும் புல்மேடுகள், மரநிழல், பக்கத்திலேயே கடல். அழகுதான், மறுக்கவில்லை.

கெப்பல் என்பவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. இவ்விடத்தில் கடல் ஆழமானது, பெரிய கப்பல்கள் தங்கலாம் என்று 1848-இல் கண்டார். அதே ஆண்டு, கப்பல்வழியை அகலமாக்க, பழங்கால மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற பத்து பெர்லாயர் என்னும் பாறையை வெடிவைத்துத் தகர்த்தனர். 1900-இல் துறைமுகத்துக்குக் கெப்பலின் பெயரைச் சூட்டினர்.

கிளப் இருந்ததோ குத்தகை நிலத்தில். 2021 முடிவில் குத்தகை தீர்ந்தது. அரசாங்கம் புதுப்பிக்கவில்லை. ஏறத்தாழ 120 ஏக்கர்! அதில் சுமார் 9,000 வீடுகள் கட்டத் திட்டம். 6,000 வீடுகள் சாதாரண மக்களுக்கான அடுக்குமாடி வீடுகள்.

நம் பக்கம் நடந்தது தலைகீழ். பால்மரங்களை வெட்டி, லயங்களைக் காலி செய்யச் சொல்லி, கோல்ஃப் திடல் போட்ட தோட்டங்களை நீங்களே அறிவீர்கள். அங்கே கோல்ஃப் திடல் போய் வீடு வருகிறது.

முதல் வீடுகள் 2025-இல் விற்பனைக்கு வந்தன. குடியிருப்புக்கு வைத்த பெயர், அன்று தகர்த்த பாறையின் பெயர்தான்: பெர்லாயர்.