மஞ்சள் சட்டையும் எரிபொருள் வரியும்

ஒருவர் செயலால் பிறருக்கு நேரும் கேட்டை, அச்செயல் புரிபவர் மீதே வரியாக விதிக்கலாம் என்று ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஆர்தர் பிகூ 1920-இல் எழுதினார். வண்டிப்புகைக்கு விலை வைக்கும் இன்றைய வரிகள் யாவும் அக்கருத்தின் வழிவந்தவையே. பிரான்சு நாட்டில் அக்கருத்து பட்ட பாட்டை ஈண்டு நோக்குவோம்.

2014-இல் அந்நாடு எரிபொருள் வரியில் கரியமில வாயுவுக்கென ஒரு பங்கைச் சேர்த்தது. டன்னுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய அது, 2018-இல் 44.60 யூரோவை எட்டிற்று. அத்துடன், டீசலின் வரியைப் பெட்ரோலின் வரிக்கு இணையாக உயர்த்தும் முயற்சியும் நடந்தது. பல பத்தாண்டுகள் டீசலுக்குக் குறைந்த வரி விதித்து, மக்களை டீசல் வண்டிகளின்பால் ஈர்த்ததும் அதே அரசுதான் என்பதை நாம் மறத்தலாகாது. 2019 சனவரியில் லிட்டருக்கு மேலும் 6.5 சென்ட் ஏறவிருந்தது.

பாரிசில் வாழ்வோருக்குச் சுரங்க இரயில் உண்டு. பேருந்தும் வாராத சிற்றூரிலிருந்து பணிக்குச் செல்லும் மருத்துவமனைச் செவிலியருக்குக் காரன்றி வேறு வழியில்லை. விலை ஏறினால் அவர் செல்லும் தொலைவு குறையாது. வீட்டுச் செலவுதான் குறையும். வரிப்பணத்தின் பெரும்பகுதியோ பொதுக் கருவூலத்தில் கலந்தது. விமான எரிபொருளுக்கு விலக்கு இருந்தது. அதே 2018-இல் செல்வர் மீதான சொத்து வரி, நிலத்துக்கும் கட்டடங்களுக்கும் மட்டுமெனச் சுருக்கப்பட்டது. இவற்றை ஒருசேரக் கண்ட மக்கள் சினந்ததில் நமக்கு வியப்பில்லை.

நவம்பர் 17 அன்று, அரசின் கணக்கின்படியே 2,80,000-க்கு மேற்பட்டோர் சாலைச் சந்திப்புகளில் திரண்டனர். வண்டிதோறும் வைத்திருக்கவேண்டுமென 2008 முதல் சட்டம் வற்புறுத்திய மஞ்சள் மேற்சட்டையே அவர்களது கொடியாயிற்று. டிசம்பர் தொடக்கத்தில் அரசு வரியுயர்வைக் கைவிட்டது.

கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாநிலம் 2008-இல் வேறு வழியை நாடிற்று. டன்னுக்கு 10 டாலர் விதித்து, வருமான வரியைக் குறைத்து, ஏழைக் குடும்பங்களுக்குப் பணமும் அளித்தது. திரட்டியதைத் திருப்பித் தருவது என்ற அந்த விதி 2017-இல் கைவிடப்பட்டது. நுகர்வோர் மீதான வரியோ 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. நேர்மையாகத் தொடங்கியதற்கும் அவ்வளவே ஆயுள்.

பிரான்சில், கிளர்ச்சிக்குப் பின் குலுக்கல் முறையில் தேர்ந்த 150 குடிமக்கள் 2019, 2020-ஆம் ஆண்டுகளில் கூடி, புகையைக் குறைக்க 149 வழிகளைப் பரிந்துரைத்தனர். கரிவரி அவற்றுள் இல்லை.