ஆஸ்திரேலியாவின் தாக்குதல் ஹெலிகாப்டர் மாற்றுத் திட்டம்

ஆஸ்திரேலியத் தரைப்படையின் டைகர் ஹெலிகாப்டர்களுக்கு மாற்றாக அப்பாச்சி ஏஎச்-64இ வகையைத் தேர்ந்தெடுத்த கொள்முதல் திட்டம். ‘லேண்ட் 4503’ எனப்படுவது. 2001இல் ஐரோப்பிய நிறுவனமான யூரோகாப்டரிடம் 22 டைகர்கள் வாங்க ஒப்பந்தமானது. பெரும்பாலானவை பிரிஸ்பேனில் பொருத்தப்பட்டன. உதிரிபாகத் தட்டுப்பாடு, பராமரிப்புச் செலவு, பறக்கத் தயாராக இருந்த எண்ணிக்கையின் குறைவு ஆகியவற்றால், முழுச் செயல்திறன் என்ற தகுதியை அவை 2016இல்தான் எட்டின. குறித்த காலத்துக்கு ஏழாண்டு தாமதம். அதே ஆண்டின் பாதுகாப்பு வெள்ளை அறிக்கை அவற்றை மாற்றப்போவதாக அறிவித்தது.

களத்தில் மூன்று தெரிவுகள் இருந்தன: போயிங்கின் அப்பாச்சி, பெல் நிறுவனத்தின் ஏஎச்-1இசட் வைப்பர், ஏர்பஸ் (முன்னாள் யூரோகாப்டர்) முன்வைத்த மேம்படுத்திய டைகர். கடைசித் தெரிவே செலவு குறைந்தது என்று ஏர்பஸ் வாதிட்டது. அதற்குள் டைகர் குறைபாடுகள் பல சீராகியிருந்ததால் அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வைப்பரோ அமெரிக்க மரீன் படைக்கென, கப்பலிலிருந்து இயங்கும்படி உருவானது. தீவுக்கண்டமொன்றுக்கு அது சிறிய தகுதியல்ல. ஆயினும் புதிய சோதனைகளில் இறங்க அரசு விரும்பவில்லை. பல நாடுகளில் புழங்கும், போரில் தேறிய அப்பாச்சியை 2021 ஜனவரியில் தேர்ந்தெடுத்து, 29 ஹெலிகாப்டர்கள் வாங்குவதாக அறிவித்தது. முதல் ஹெலிகாப்டர்கள் 2025இல் டவுன்ஸ்வில் வந்தடைந்தன.