முந்நூறு பேர்: ஒரு புளுகின் வரலாறு

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று நம் ஊரில் சொல்வார்கள். வெளுத்துப்போன பிறகும் சாகாத புளுகுகள் உண்டு. 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற ஆவணம் அவற்றுள் தலையாயது.

உலகை அடக்கியாள யூதத் தலைவர்கள் இரகசியமாகக் கூடித் தீட்டிய திட்டம் என்ற பாவனையில், 1903இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கின் 'ஸ்னாம்யா' நாளிதழில் இது தொடராக வெளிவந்தது. அதன் வெளியீட்டாளர் குருஷேவான். அதே ஆண்டு ஏப்ரலில் கிஷினேவ் நகரில் யூதர்களைப் பலிகொண்ட கலவரத்துக்குத் தூபம் போட்டதும் அவர் நடத்திய இன்னொரு பத்திரிகைதான். 1917 புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு ஓடிய ரஷ்யர்கள் இதை மேற்கே கொண்டு சென்றனர். 1920இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் பத்திரிகையில் இதைப் பரப்பினார்.

1921 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் நிருபர் ஃபிலிப் கிரேவ்ஸ் இதன் குட்டை உடைத்தார். மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மொரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் 1864இல் எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடப்பட்டது இது என்பதை, இரண்டையும் அருகருகே வைத்து அவர் நிறுவினார். நரகத்தில் மாக்கியவெல்லியும் மான்டெஸ்கியூவும் உரையாடுவதாக அமைந்த அந்த மூலநூலில் யூதச் சதி என்ற பேச்சே இல்லை.

உண்மை வெளிவந்து பத்து மாதங்கள் கழித்து, 1922 ஜூன் 24 அன்று, ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தெனோ பெர்லினில் தம் காரில் சென்றுகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு யூதர். ஐரோப்பாவின் பொருளாதாரத்தை ஒருவரையொருவர் அறிந்த முந்நூறு பேர் இயக்குகிறார்கள் என்று 1909இல் வியன்னா நாளிதழ் ஒன்றில் அவர் எழுதியிருந்தார். அது யூதர்களைப் பற்றியதன்று. அதிகாரம் சிலரிடம் குவிந்துகிடப்பதைக் குறித்த விமரிசனம். பகைவர்களோ அதையே ஒப்புதல் வாக்குமூலமாகப் படித்தனர். சீயோனின் முந்நூறு மூப்பர்களில் ராத்தெனோவும் ஒருவர் எனத் தன் தலைவன் கூறியதாக, கொலைகாரர்களின் காரை ஓட்டிய டெக்கோ என்ற இளைஞன் விசாரணையில் தெரிவித்தான்.

உண்மை ஏன் கொலையைத் தடுக்கவில்லை? ஹிட்லர் 1925இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. இது போலி என்று பத்திரிகைகள் கூக்குரலிடுவதே இது மெய் என்பதற்குச் சான்று என்பது அவர் வாதம். மறுப்பே சாட்சியாக மாறிவிடும் இடத்தில் ஆதாரத்துக்கு வேலையில்லை. தோற்றுப்போன நாட்டின் அவமானத்துக்கு அந்த ஆவணம் ஒரு முகத்தைக் காட்டிற்று. மேலும், கொல்பவனைத் தன் இனத்தின் காவலன் என்று எண்ணவும் வைத்தது.

இன்றைய கொலைகாரர்களும் இதே நம்பிக்கையில்தான் ஆயுதம் எடுக்கிறார்கள். வெள்ளையரை அகற்றிவிட்டு வந்தேறிகளைக் குடியமர்த்தும் 'மாபெரும் மாற்றீடு' நடக்கிறது என்ற கருத்துக்கு அப்பெயரைத் தந்தது ரெனோ காமு என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் 2011ஆம் ஆண்டு நூல். 2018இல் பிட்ஸ்பர்க் யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேரைக் கொன்றவன், யூத அகதி உதவி அமைப்பொன்று படையெடுப்பாளர்களை அழைத்து வருவதாக நம்பினான். 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கைக்கு இட்ட தலைப்பே 'மாபெரும் மாற்றீடு'. 2022இல் பஃபலோ நகரில் 10 கறுப்பின மக்களைக் கொன்ற 18 வயது இளைஞன் அந்த அறிக்கையிலிருந்து பெரும்பகுதியை நகலெடுத்திருந்தான். ஜோலியிடமிருந்து திருடியவர்களின் வழியே இவர்களின் வழியும்.

மாறியிருப்பது வேகம். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெர்லின் வந்து சேர அந்தப் புளுகுக்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. கிறைஸ்ட்சர்ச்சில் கொலையே இணையத்தில் நேரலையாக ஓடிற்று. அடுத்தவனுக்கு அது பாடமாயிற்று.

ஃபோர்டு 1927இல் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அவர் பரப்பியது ஜெர்மன் மொழியில் வேரூன்றியிருந்தது. புளுகை அம்பலப்படுத்தும் பணியைக் கிரேவ்ஸ் குறையின்றிச் செய்து முடித்தார். அது தமக்கு ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் அதை நம்பியவர்கள். அவர்கள் சார்பில் வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட முடியாது.